கண் மங்கும் முன்பே காட்டும் ஒளி

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதில் கலந்திருந்தது மெத்தனால் என்னும் தொழிற்சாலை வேதிப்பொருள்.

சாராயத்தின் போதைப்பொருளான எத்தனாலைப் போலவே மெத்தனாலும் நிறமற்றது. மூக்கையும் நாக்கையும் நம்பிப் பிரித்தறிய முடியாது. உள்ளே போனதும் கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. உயிரணு ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் பெறும் வழியை அந்த அமிலம் அடைத்துவிடும். பார்வை நரம்பு கருகும். மூளையின் உட்பகுதியும் சிதையும். அறிகுறி தெரிய 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை குடித்தவர் வெறும் போதை என்றே நினைத்திருப்பார்.

இந்த நஞ்சைப் பாக்கெட்டைப் பிரிக்காமலே ஒளியால் அடையாளம் காணலாம். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்டறிந்த விளைவுதான் அதற்கு அடிப்படை. ஒற்றை நிற லேசர் ஒளி ஒரு திரவத்தில் பட்டுச் சிதறும்போது, அதில் மிகச் சிறு பங்கு மட்டும் நிறம் மாறி வருகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது மூலக்கூறின் அதிர்வைப் பொறுத்தது. ராமன் நிறமாலையில் எத்தனாலுக்கு 880 செ.மீ⁻¹ அருகிலும் மெத்தனாலுக்கு 1030 செ.மீ⁻¹ அருகிலும் முகடு எழும். இரண்டும் கலந்திருந்தாலும் தனித்தனியே தெரியும். கையடக்க ராமன் கருவிகள் இன்று மருந்துச் சோதனையிலும் சுங்கத்துறையிலும் புழங்குகின்றன.

ஆனால் ரத்தத்தில் துளியளவே இருக்கும் பொருளுக்கு இந்த ஒளி போதாது. அங்கேதான் நானோ துகள்கள் கைகொடுக்கின்றன. தங்கம் அல்லது வெள்ளியின் நானோ பரப்பில் மூலக்கூறு ஒட்டிக்கொண்டால், ராமன் ஒளி பல லட்சம் மடங்கு பெருகும். 1974-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் முதலில் தென்பட்ட விளைவு இது. அல்சைமர் நோயின் அமிலாய்டு, டௌ புரதங்களை இதே வழியில் பிடிக்க ஆய்வகங்கள் முயல்கின்றன. அந்தப் புரதங்கள் மறதி தெரிவதற்குப் பத்து, இருபது ஆண்டுகள் முன்பே சேரத் தொடங்குகின்றன.

அந்த ஆய்வு முதிரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இங்கே இருக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி மருத்துவமனை சேரவே நேரம் பிடிக்கும். அதனால் மாவட்ட மருத்துவமனையிலும் மதுவிலக்குப் போலீசாரிடமும் கையடக்க ராமன் கருவி இருக்க வேண்டும் என்பேன்.

மெத்தனாலுக்கு ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்தும் டயாலிசிஸும் உண்டு. இரண்டும் சீக்கிரம் கிடைத்தால்தான் பலன். சந்தேகச் சாராயம் குடித்தவர் கண் மங்கும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.