எந்தப் பதிப்பில் வந்தது?

தலைமையாசிரியராக இருந்தவனுக்குப் பதிவேடுகளின் அருமை நன்கு தெரியும். மாணவன் பள்ளியிற் சேர்ந்த நாள் ஒரு பேரேட்டில் இருக்கும். ஆசிரியர் பணியேற்ற நாள் மற்றொன்றில் இருக்கும். ஓய்வூதியம் கணக்கிடும் வேளையில் அந்த ஒரு வரியின் மதிப்பு விளங்கும். கணிப்பொறி மென்பொருளிலும் இத்தகைய வரி ஒன்று உண்டு. அதனைப் படியாது விட்டு நான் பட்ட பாட்டை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

செயற்கூறு என்பது, பெயர் சொல்லி அழைத்தால் குறித்த ஒரு வேலையைச் செய்து தரும் மென்பொருட் பகுதி. கணிப்பொறி மொழிகளை வளர்ப்போர் பதிப்புக்குப் பதிப்பு புதிய செயற்கூறுகளைச் சேர்த்து வருகின்றனர்.

ஓய்வு பெற்றபின் பைத்தான் மொழியைக் கற்றேன். 2022 ஆம் ஆண்டில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்காகப் பரிசுப் பட்டியல் ஆயத்தம் செய்யும் நிரல் எழுதிக் கொடுத்தேன். பெயர்களின் முன்னுள்ள 'செல்வன்', 'செல்வி' என்னும் அடைகளை நீக்குவது அதன் பணிகளுள் ஒன்று. அதற்கு 'ரிமூவ்பிரிஃபிக்ஸ்' என்னும் செயற்கூற்றைக் கையாண்டேன். என் வீட்டில் நிரல் பிழையின்றி ஓடியது. பள்ளியில் இருந்ததோ விண்டோஸ் 7 கொண்ட பழைய பொறி. பைத்தானின் 3.8 ஆம் பதிப்புக்கு மேற்பட்டவை அதில் இயங்கா. அத்தகைய செயற்கூறே இல்லை என்று கூறி நிரல் நின்றுவிட்டது.

விழாவுக்கு முதல் நாள் மாலை, அப்பள்ளியின் இளம் ஆசிரியர் தொலைபேசியில், "ஐயா, 'எல்ஸ்டிரிப்' என்ற பழைய செயற்கூற்றைப் போட்டுவிட்டேன், பட்டியல் வந்துவிட்டது" என்றார். நானும் மகிழ்ந்தேன். ஆனால் அச்செயற்கூறு சொல்லை நீக்குவதன்று. அச்சொல்லிலுள்ள எழுத்துக் குறிகளில் எது முன்னே நின்றாலும், வேறு குறி எதிர்ப்படும்வரை, நீக்கிக்கொண்டே போவது. மறுநாள் மேடையில் பட்டியலைப் படித்தேன். சரவணன் 'ரவணன்' ஆகியிருந்தான், ஊகித்துப் படித்துவிட்டேன். கணிதத்தில் முதற்பரிசு பெற்ற மாணவனின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'ம்' என்று மட்டுமே இருந்தது. திகைத்து நின்றேன். வகுப்பாசிரியர் ஓடிவந்து, "செல்வம், ஐயா" என்று காதிற் சொன்ன பிறகே அப்பிள்ளை மேடையேறினான்.

வீடு திரும்பிக் கையேட்டைத் திறந்தேன். ரிமூவ்பிரிஃபிக்ஸ் விளக்கத்தின் அடியில், 3.9 ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது என்னும் குறிப்பு தெளிவாக இருந்தது. அப்பதிப்பு வெளிவந்தது 2020 அக்டோபர் 5 ஆம் நாள். எழுதியவர்கள் தம் கடமையைச் செய்திருந்தனர். படிக்காதது என் குற்றம்.

இக்குறிப்பை எழுதுவோர் நினைவிற் கொள்ளவேண்டியவை மூன்று. முதலாவது, ஆண்டை மட்டும் எழுதினாற் போதாது, பதிப்பெண் வேண்டும். பயன்படுத்துவோர் தம் பொறியில் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடியது அதுவே. ஜாவா மொழியில் எழுதுவோர் செயற்கூற்றின் தலைக்குறிப்பிலேயே 'சின்ஸ்' என்னும் அடையாளச் சொல்லுடன் பதிப்பெண்ணைப் பொறிப்பர். 'ஜாவாடாக்' என்னும் கருவி அதனைத் திரட்டிக் கையேடாக்கும்.

இரண்டாவது, பிற்கால மாற்றத்தையும் தனியே குறிக்கவேண்டும். பெயர்ப் பட்டியலையும் மதிப்பெண் பட்டியலையும் இணைசேர்க்க உதவும் 'ஜிப்' பைத்தானில் நெடுங்காலமாக உள்ளது. இரு பட்டியல்களும் நீளத்தில் ஒத்திருக்கின்றனவா என்று கண்டிப்புடன் சோதிக்கும் வசதியோ 3.10 ஆம் பதிப்பில்தான் வந்தது.

மூன்றாவது, ஓரிடத்து நாள் மற்றோரிடத்துக்குப் பொருந்தாது. எழுத்துத் தொடரைப் படியெடுக்கும் 'ஸ்டிரெல்கப்பி' என்னும் செயற்கூறு 1998 இல் ஓப்பன்பிஎஸ்டி 2.4 இல் தோன்றியது. லினக்ஸில் பெரிதும் வழங்கும் ஜிலிப்சி நூலகத்தில் 2023 இல், 2.38 ஆம் பதிப்பில்தான் இடம் பெற்றது. இடைப்பட்டவை 25 ஆண்டுகள்!

சேர்க்கைப் பதிவேட்டை அன்றன்றே எழுதவேண்டும் என்று ஆசிரியர்களிடம் கண்டித்துச் சொல்லி வந்தவன் நான். பழைய பொறியோடு வாழும் பள்ளிகள் பல. அவற்றுக்கு அந்த ஒற்றை வரியே வழிகாட்டி. இப்பொழுது நான் எழுதும் ஒவ்வொரு நிரலின் முதல் வரியும், அஃது எந்தப் பதிப்பு முதல் ஓடும் என்பதே.