உங்களுக்குத் தெரியுமா? 30 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி

மீஞ்சூர் போன்ற ஊர்களில் கேபிள் டிவிக்காரர் வைத்திருக்கும் பெரிய டிஷ், சுமார் 36,000 கி.மீ. உயரத்துச் செயற்கைக்கோளிலிருந்து 3700–4200 மெகாஹெர்ட்ஸில் சேனல்களைப் பிடிக்கிறது. 2022இல் ஏலம் போன 5ஜி அலைவரிசைகளுள் ஒன்று 3300இல் தொடங்கி 3670இல் முடிகிறது. இடைவெளி வெறும் 30 மெகாஹெர்ட்ஸ்! இன்னும் கீழே, 2900–3100இல், அருகிலுள்ள எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்கு வரும் பெரிய கப்பல்களின் ரேடார் ஒன்று இயங்குகிறது. பக்கத்து 5ஜி டவரின் சிக்னலோ இந்த ரேடாரின் சிக்னலோ டிஷ்ஷின் எல்.என்.பி.யை (சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் உள்ள கருவி) திணறடித்தால் படம் உடையும்.

பிறகு மென்பொருளால் சரிசெய்யலாமே என்பார்கள். முடியாது, ஆம்ப்ளிஃபையர் திணறிய கணமே சிக்னல் உருக்குலைந்துவிடுகிறது. ஆகவே தடுப்பு அதற்கு முன்னாலேயே வேண்டும். டிஷ் குவிக்கும் அலைகளை வாங்கும் ஹார்னுக்கும் எல்.என்.பி.க்கும் நடுவே பொருத்தும் அலைவரிசை ஃபில்டர் அதற்குத்தான். அந்த உலோகக் குழாய்க்குள் அடுத்தடுத்து அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு திருகு. லேசாகத் திருப்பினாலே அலைவரிசையின் விளிம்பு நகரும். 500 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்பது மைய அதிர்வெண்ணில் எட்டில் ஒரு பங்கு. அவ்வளவையும் உள்ளே விட்டு, 30 மெகாஹெர்ட்ஸுக்குள் சட்டென அடைக்க வேண்டும். இதுதான் வடிவமைப்பாளருக்கு உண்மையான சோதனை. அறைகளைக் கூட்டினால் விளிம்பு செங்குத்தாகும், ஆனால் ஏற்கெனவே மெலிந்த சிக்னலில் இழப்பும் கூடும். இந்த இழப்பைக் காட்டி ஃபில்டரே வேண்டாம் என்பது சரியல்ல: சிறு இழப்பைச் சற்றுப் பெரிய டிஷ் ஈடுகட்டும், திணறலை எந்த டிஷ்ஷும் ஈடுகட்டாது. கடற்கரை ஊர்களில் வாங்குவோர் ஃபில்டரின் இணைப்பு உப்புக்காற்று புகாதபடி அடைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.