அநாதையாகும் டிரைவர்கள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில், பிளாப்பி டிஸ்க் சாதனத்தை இயக்கும் நிரலான 'டிரைவர்' 2019-ல் 'அநாதை' ஆனது. அதைக் கவனித்துவந்தவரிடம் வேலை செய்யும் பிளாப்பி டிரைவ் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சோதித்துப் பார்க்க வழியில்லாத நிரலுக்கு யார் பொறுப்பேற்பார்கள்? கெர்னலின் தந்தையான லினஸ் டோர்வால்ட்ஸ், பராமரிப்பாளர் பட்டியலில் அதன் நிலையை மாற்றி எழுதினார். ஆனால் டிரைவரைத் தூக்கி எறியவில்லை. மெய்நிகர் கணினிகள் இன்னமும் பிளாப்பி டிரைவ் இருப்பதாகப் பாவனை செய்கின்றன. அதே ஆண்டில் அந்த நிரலில் பாதுகாப்பு ஓட்டைகளும் கண்டுபிடிக்கப்பட்டன. வன்பொருள் போய்விட்டது, வேலை போகவில்லை. பிறகு இன்னொரு நிரலாளர் முன்வந்து அதை ஏற்றுக்கொண்டார்.

1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், இன்று சுமார் 4 கோடி வரிகள் கொண்ட மூலநிரல். அதில் பாதிக்கு மேல் டிரைவர்கள்தான். எந்தக் கணினியும் அவற்றில் சிறு பகுதியைத்தான் பயன்படுத்துகிறது. அது எந்தப் பகுதி என்பது கணினிக்குக் கணினி மாறும்.

பிசிஐ இணைப்பில் செருகிய ஒவ்வொரு கார்டும், தன்னைத் தயாரித்தது யார், தான் எந்த மாடல் என்பதை இரண்டு எண்களில் சொல்லிவிடும். இன்டெல்லின் எண் 8086. 1978-ல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற சிப்பின் பெயரும் அதுவே. ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தெரிந்த எண்களின் அட்டவணை ஒன்றை வைத்திருக்கிறது. கெர்னல் அதைப் பார்த்து, பொருந்துகிற டிரைவரை எழுப்புகிறது. கார்டின் எந்த ரெஜிஸ்டரில் எந்த பிட்டை 1 ஆக்குவது, அதன் பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதெல்லாம் டிரைவரின் பாடு. ஒரு பிட் தவறினாலும் கார்டு ஊமையாகிவிடலாம். கெர்னலின் மற்றப் பகுதிகளைவிட டிரைவர்களில் பிழை விகிதம் 3 முதல் 7 மடங்கு வரை அதிகம் என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2001-ல் கண்டறிந்தார்கள்.

எழுதி முடித்த டிரைவரை அப்படியே விட்டுவைக்கவும் முடியாது. 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை புதிய கெர்னல் வருகிறது. அதன் உள்ளமைப்பு மாறிக்கொண்டே இருக்கும். அதை மாற்றுகிறவரே, கெர்னல் மூலநிரலுக்குள் இருக்கும் டிரைவர்களையும் அதற்கேற்பத் திருத்தித்தர வேண்டும் என்பது லினக்ஸ் உலகின் சட்டம். வெளியே தனியாக வைத்திருக்கும் டிரைவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவற்றை வைத்திருக்கும் நிறுவனமே ஒவ்வொரு பதிப்பின் பின்னாலும் ஓட வேண்டும். ஒரே மாதிரியான திருத்தத்தை நூற்றுக்கணக்கான கோப்புகளில் செய்ய, காக்சினெல் போன்ற கருவிகள் உதவுகின்றன. திருத்திய நிரல் கம்பைல் ஆகிறதா என்று தானியங்கிகள் பார்த்துச் சொல்லிவிடும். சாதனம் ஓடுகிறதா என்பதை, அது கையில் இருப்பவரால்தான் சொல்ல முடியும்.

2008-ல் நடந்தது இதற்குச் சான்று. கெர்னல் 2.6.27-இன் சோதனைப் பதிப்புகளை ஓட்டிப் பார்த்த சிலரின் இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் திடீரென்று செத்துப்போயின. கணினியை மீண்டும் தொடங்கியும் பயனில்லை. கார்டின் நிரந்தர நினைவகமே அழிந்திருந்தது. எல்லோருடைய சந்தேகமும் 'இ1000இ' என்ற அந்தக் கார்டின் டிரைவர் மீது விழுந்தது. உண்மைக் குற்றவாளி எஃப்டிரேஸ் என்ற வேறொரு பகுதி. கெர்னலின் ஓட்டத்தை வேவு பார்க்கும் கருவி அது. ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவக முகவரி ஒன்றை அது மறக்காமல் வைத்திருந்து, அங்கே எழுதியது. அதற்குள் அந்த முகவரி நெட்வொர்க் கார்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. எழுதியது நேராகக் கார்டின் நினைவகத்தில் போய் விழுந்தது. கார்டுகளைப் பறிகொடுத்தவர்கள் சொல்லியிராவிட்டால் இது வெளியே வந்திருக்காது.

இத்தகைய பிழைகளைப் பிடிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 10,000-க்கு மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. நடுவிலிருக்கும் மாற்றம் வரை கெர்னலைக் கட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். சாதனம் ஓடினால் பிழை அதற்குப் பிந்தைய பாதியில், ஓடாவிட்டால் முந்தைய பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் கழித்தால் சுமார் 14 சோதனைகளில் குற்றவாளியான ஒற்றை மாற்றம் அகப்பட்டுவிடும். கெட்டிக்காரத்தனம் பெரிதாகத் தேவையில்லை. பொறுமை வேண்டும், அந்தச் சாதனமும் வேண்டும்.

பழைய ஸ்கேனரோ டிவி டியூனரோ லினக்ஸில் ஓட்டிக்கொண்டிருப்பவரா நீங்கள்? புதிய கெர்னல் வந்ததும் அது நின்றுபோனால், பழைய பதிப்புக்குத் திரும்பிப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். எந்தப் பதிப்பு வரை ஓடியது, எதில் நின்றது என்று இரண்டு வரி எழுதி, மூலநிரலின் பட்டியலில் உள்ள பராமரிப்பாளருக்கு அனுப்புங்கள். அந்தச் சாதனத்தை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். யாரும் கேட்காத டிரைவர்தான் முதலில் நீக்கப்படும்.