புள்ளி வண்டும் அதன் காலனும்

கோரிப்பாளையத்து வாசகர் ஒருவர், தம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் வளர்ந்த கத்தரியின் இலையொன்றைக் காகிதத்தில் மடித்து அனுப்பி, "பொறிவண்டு பயிருக்குத் தோழன் என்கிறீர்களே, அந்தத் தோழன் செய்திருக்கும் காரியத்தைப் பாருங்கள்" என்று எழுதியிருக்கிறார். அவருடைய கோபம் நியாயமானதுதான்; ஆனால் அகப்பட்டிருக்கும் ஆசாமி வேறு.

அசுவினியையும் மாவுப்பூச்சியையும் தின்று நமக்கு உபகாரம் செய்யும் பொறிவண்டுக் குடும்பத்திலே, பரம்பரை மாமிச ஆகாரத்தைத் துறந்து இலை தின்னத் தொடங்கிய கிளை ஒன்று உண்டு. 1775-இல் பாப்ரீசியஸ் என்ற டேனிஷ் பண்டிதர் பெயர் சூட்டிய 28 புள்ளி வண்டு அந்தக் கிளையைச் சேர்ந்தது. கத்தரி, தக்காளி, பாகல் எதுவானாலும் அதற்குச் சம்மதமே. புள்ளிகளை எண்ணி அடையாளம் காணலாம் என்று நினைக்க வேண்டாம்; அவை ஒன்றோடொன்று கலந்தும் குறைந்தும் நம்மை ஏமாற்றும். வெயிலில் பிடித்துப் பார்த்தால் போதும். பூச்சி தின்னும் பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். இதன் முதுகிலோ மெல்லிய பூனைமயிர் படர்ந்து, மினுக்கமே இல்லாமல் மங்கியிருக்கும். தொட்டால் கால் மூட்டிலிருந்து மஞ்சள் நிறக் கசப்பு நீரைக் கசியவிடும் குணம் மட்டும் இரு தரத்தாருக்கும் பொது.

உடலெங்கும் கிளைவிட்ட முட்கள் நிறைந்த இதன் மஞ்சள் புழுவும் சரி, வளர்ந்த வண்டும் சரி, இலையை விளிம்பிலிருந்து கடித்துத் தின்பதில்லை. அடிப்புறத்தில் ஒட்டி நின்று, பல பற்களாகப் பிளந்த தாடையால் பச்சையத்தை வரிவரியாகச் சுரண்டி, மேல்தோலை மட்டும் விட்டுவைக்கின்றன. பால்கோவா கிளறி இறக்கிய உருளியைச் சிறுவயதில் நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு கரண்டியால் சுரண்டும்போது விழுந்த கோடுகளைத்தான் வாசகர் அனுப்பிய இலையில் கண்டேன். விட்டுப்போன தோலும் இரண்டொரு நாளில் காய்ந்து உதிர, நரம்புக்கூடு மாத்திரம் எஞ்சும்.

ஆனால், வண்டைக் காட்டிலும் என்னை வசீகரிப்பது அதன் காலனே. பீடியோபியஸ் போவியோலேட்டஸ் என்ற நீண்ட நாமத்தைச் சுமக்கும் அந்தக் குளவி, கடுகை விடப் பெரிதென்று சொல்ல முடியாத அற்ப ஜந்து. பெண் குளவி புழுவின் முதுகில் ஏறி உடலுக்குள் முட்டைகளைச் செலுத்திவிட்டுப் போய்விடும். குஞ்சுகள் உள்ளிருந்தபடியே தின்று வளர, புழு மெல்லமெல்ல அசைவு ஒடுங்கி, மஞ்சள் நிறம் போய்க் காப்பிக்கொட்டை நிறத்தில் விறைத்து, இலையோடு ஒட்டியபடியே மாண்டுபோகும். சில நாள் கழித்து அந்தக் கூட்டில் ஊசித்துளை போன்ற வாசல் திறந்து, ஏறக்குறைய இருபது குளவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும்.

இந்தக் காலனுக்குக் கடல் கடந்த கீர்த்தியும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டிலே பீன்ஸையும் சோயாவையும் நாசம் செய்யும் மெக்ஸிகோ பீன்ஸ் வண்டு, நம் புள்ளி வண்டுக்குப் பங்காளி. தேசத்தின் தென்மேற்கில் கிடந்த அது, 1920-இல் அலபாமாவில் தலைகாட்டிக் கிழக்கு மாநிலங்களெங்கும் பரவிற்று. அதை அடக்க 1966-இல் இந்தியாவிலிருந்து இந்தக் குளவியைத்தான் தருவித்தார்கள். அங்கே ஓர் இடையூறு: பனிக்காலத்தில் வண்டு மண்ணிலும் சருகிலும் உறங்கிப் பிழைத்துக்கொள்ளும், புழுவே இல்லாத அம்மாதங்களில் குளவி வம்சமற்றுப் போய்விடும். ஆகவே நியூ ஜெர்சி மாநிலத்து வேளாண்மைத் துறை தன் பூச்சிக்கூடத்தில் குளவியைப் பெருக்கி, ஆண்டுதோறும் புதிதாக வயலில் விடும் ஏற்பாட்டைச் செய்துகொண்டது.

மதுரைச் சமவெளியிலோ பனி இல்லை. கிணற்றுப் பாசனத்தில் ஏதாவதொரு கொல்லையில் கத்தரி எப்போதும் நிற்கும், அதில் புழுவும் இருக்கும், ஆகவே குளவிக்குப் பட்டினிக்காலம் என்பதே அநேகமாக இல்லை. பிறர் பொருள் செலவிட்டு வளர்க்கும் சேவகனை நாம் சம்பளமில்லாமல் பெற்றிருக்கிறோம். பெற்றும் என்ன? இலையில் நாலு ஓட்டை கண்டவுடன் விசைத்தெளிப்பானைத் தோளில் ஏற்றி, கடைக்காரர் கொடுத்த மருந்தை அடித்துவிடுகிறோம். மயிர்படர்ந்த வண்டு இலைக்கு அடியில் ஒதுங்கித் தப்பினாலும் தப்பும். மெல்லிய சிறகுடைய குளவி தப்புவது அரிது. அப்புறம் அடுத்த தலைமுறைப் புழுவுக்குக் காலன் ஏது? அதற்கும் மருந்துதான், இன்னும் கூடுதலாக. ஒத்தக்கடையில் 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது; இலையைப் பறித்துக்கொண்டு அங்கே போய்க் கேட்பவரைவிட, கடைக்காரரைக் கேட்பவரே மிகுதி.

வாசகரின் தொட்டிக்கு மருந்தே வேண்டாம். காலையில் இலைகளைத் திருப்பி, மஞ்சள் முட்டைக்கொத்தையும் மஞ்சள் புழுவையும் பொறுக்கிச் சோப்பு நீரில் போடலாம். மீறினால் நூற்றுக்கு ஐந்து பங்கு வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். காப்பி நிறத்தில் விறைத்த புழு கண்ணில் பட்டால் மட்டும் கொல்லாமல் ஒரு கண்ணாடிக் குப்பியில் இட்டு, வாயைக் கொசுவலைத் துணியால் கட்டிச் செடியடியில் நிழலில் வைக்கட்டும். தவறிப்போய் உள்ளே வந்த வண்டு வலையைத் தாண்டாது, குளவி தாண்டிவிடும்.