சாக்கும் தவ்பாவும்



குடியை விட உதவி கேட்டு நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் சகோதரர்களிடம் "எப்படி ஆரம்பித்தது?" என்று கேட்டால், பெரும்பாலும் அடுத்தவர் பெயர்தான் முதலில் வரும். கூட்டாளிகள் கெடுத்துவிட்டார்கள். சவூதியிலிருந்து திரும்பியபின் கடன். வீட்டில் நிம்மதி இல்லை. கடைசியில் ஷைத்தான். இவற்றில் பல உண்மைதான்; கடன் பொய் இல்லை. ஆனால் கடன் உள்ள எல்லோரும் குடிப்பதில்லை.

சூரா அல்அஃராஃபில் இரண்டு விதமான பதில்களை ஓதுகிறோம். கட்டளையை மீறிய இப்லீஸ், தன் வழிகேட்டுக்கான பழியை அல்லாஹ்வின் மீதே போட்டான். ஆதம் (அலை), ஹவ்வா (அலை) இருவருக்கும் சொல்ல நல்ல சாக்கு இருந்தது. ஷைத்தான் சத்தியம் செய்தல்லவா ஏமாற்றினான்? அதை அவர்கள் சொல்லவில்லை. தவறைத் தங்கள் மீதே ஏற்று மன்னிப்புக் கேட்டார்கள்.

"குடி ஒரு நோய் என்று டாக்டரே சொல்கிறாரே, நோயாளி மேல் என்ன குற்றம்?" என்று கேட்பவர்களும் உண்டு. நோய்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. சர்க்கரையும் நோய்தான். அது வந்ததற்காக யாரையும் ஏசுவதில்லை. ஆனால் மாத்திரை போடுவதும், கல்யாண வீட்டில் பிரெட் அல்வாவை ஒதுக்குவதும் அவர் செய்ய வேண்டிய வேலை.

குடியிலும் அப்படித்தான். வரும் வழியில் டாஸ்மாக் இருந்தால் வேறு தெருவில் வருவது. சம்பளத்தை வாங்கிய அன்றே மனைவியிடம் கொடுப்பது. டாக்டர் தந்த மாத்திரையை வீட்டார் கண்ணெதிரில் விழுங்குவது. ஒருநாள் சறுக்கிவிட்டால், அவர்கள் கண்டுபிடிக்கும் முன் தானே சொல்லிவிடுவது. இதுதான் மிகக் கடினம் என்கிறார்கள், மீண்டு வந்தவர்கள்.

உம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. மகன் எழ முடியாத காலையில் "காய்ச்சல்" என்று முதலாளிக்கு போன் செய்வது பாசம்தான். ஆனால் அவனுக்குச் சாக்குச் சொல்லித் தருவது நீங்களாகிவிடுகிறீர்கள். நாங்களும் தவறியிருக்கிறோம். கடன் அடைக்கட்டும் என்று ஒருவர் கையில் பணத்தைக் கொடுத்தோம். அது எங்கே போனது என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது வாடகையோ மளிகையோ, நேராக உரியவரிடமே செலுத்துகிறோம்.

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடித்துப் பழகியவர், டாக்டரைப் பார்க்காமல் ரோஷத்தில் திடீரென நிறுத்துவது ஆபத்து. இரண்டு மூன்று நாட்களுக்குள் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வந்து உயிரே போகலாம். தவ்பா செய்த அன்றே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போய்விடுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446; கட்டணம் இல்லை.

தவ்பாவுக்கு உலமாக்கள் சொல்லும் நிபந்தனைகள் தெரிந்தவையே: பாவத்தை விடுவது, வருந்துவது, திரும்ப மாட்டேன் என உறுதி கொள்வது. அடுத்தவர் ஹக் அதில் இருந்தால், அதைத் திருப்பிக் கொடுப்பது. இந்த நான்காவதில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். ஒரு சகோதரர் மட்டும் தான் கொடுக்க வேண்டியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். முதல் வரியில் மகளின் கொலுசு. அதை அடகிலிருந்து மீட்டுவிட்டார். மளிகைக்கடைப் பாக்கியை மாதம் 500 ரூபாயாகக் கொடுத்து வருகிறார்.