வெற்றிடத்தை நம்பாத அட்டவணை

நிரலையும் அதன் விளக்கத்தையும் ஒரே ஆவணத்தில், மனிதர் படித்துச் செல்லும் ஒழுங்கில் எழுதும் முறையை டொனால்ட் க்னூத் 1984-இல் லிட்டரேட் புரோகிராமிங் என்ற பெயரால் விரித்துரைத்தார். அவருடைய டெக் அச்சுக்கோப்பு மென்பொருளே அவ்வாறு எழுதப்பட்டதுதான். அம்முறையை வெறும் உரைக்கோப்பில் கையாள உதவும் கருவிகளுள் ஒன்று, ஈமாக்ஸ் உரைத்திருத்தியில் 2003-இல் கார்ஸ்டன் டொமினிக் தொடங்கிய ஆர்க் மோடு. இதன் பேபல் என்னும் பகுதி, ஆவணத்தின் நடுவிலுள்ள நிரல்துண்டை இயக்கி, விடையை அதன் கீழேயே எழுதிவைக்கும். அச்சிட்ட விடை 10 வரிக்குக் குறைவாயின் ஒவ்வொரு வரியின் முன்னும் முக்காற்புள்ளி இடும். அதற்குக் குறையாதபோது முழுவதையும் ஓர் எடுத்துக்காட்டுப் பெட்டிக்குள் அடைக்கும்.

விடையை இருவகையாகப் பெறலாம். ஒன்று, நிரல் திரையில் அச்சிடும் எழுத்துகளை அப்படியே பெறுவது. மற்றொன்று, நிரல் கணித்துத் திருப்பித் தரும் மதிப்பைப் பெறுவது. ஆங்கிலத் தரவில் பெரிதாகத் தோன்றாத இவ்வேறுபாடு தமிழில் உடனே வெளிப்பட்டுவிடுகிறது. சென்னையின் மழையளவைப் பகுதிவாரியாக அச்சிடும் பைத்தான் நிரல், ஊர்ப்பெயருக்கு 12 இடம் ஒதுக்கி, மீதியை வெற்றிடத்தால் நிரப்புவதாகக் கொள்வோம். யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் ஆதலால், 6 எழுத்துள்ள 'மயிலாப்பூர்' பைத்தானுக்கு 11; 4 எழுத்துள்ள 'அடையாறு' அதற்கு 7. ஆகவே முன்னதற்கு 1 வெற்றிடமும் பின்னதற்கு 5 வெற்றிடமும் சேர, எழுத்துக் கணக்கில் ஒன்று 7 இடத்தையும் மற்றொன்று 9 இடத்தையும் பிடிக்கின்றன. எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்பதில்லை. கோலத்தில் புள்ளிகளின் இடைவெளி மாறினால் இழைகள் கூடாமற்போவது போன்றது இது.

ஓபன்-தமிழ் நிரலகத்தைக் கொண்டு எழுத்துகளைச் சரியாக எண்ணலாம். தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்ற டேஸ்-16 குறியீட்டுமுறையோ ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தருகிறது; எனினும் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமைந்திருப்பதால் எல்லாக் கணினிகளிலும் செல்லுபடியாவதில்லை. எண்ணிக்கை சரியானாலும், 'ர'வும் 'ணை'யும் ஒரே அகலம் உடையன அல்ல என்பதால், வெற்றிடத்தைக் கொண்டு தமிழ் அட்டவணையை நேராக்க முயல்வது வீண்வேலையே.

வழி எளிது. நிரல், வரிகளை அச்சிடாமல், வரிசைகளின் பட்டியலை மதிப்பாகத் திருப்பித் தருமாயின், பேபல் அதைச் செங்குத்துக் கோடுகளால் பிரித்த அட்டவணையாக எழுதும். திரையில் அக்கோடுகள் சற்றே விலகித் தெரியலாம்; ஆனால் எது எந்தப் பத்தியைச் சேர்ந்தது என்பதை வெற்றிடமன்றிக் கோடே தீர்மானிப்பதால், வலைப்பக்கமாகவோ நூலாகவோ மாற்றும்போது ஒவ்வொரு மதிப்பும் தன் இடத்திலேயே நிற்கும். அந்த அட்டவணைக்குப் பெயரிட்டால் அடுத்த நிரல்துண்டு அதையே தரவாக ஏற்றுக் கணக்கிடும்.

இவ்வளவு வசதி இருந்தும், தமிழில் எழுதப்படும் ஆய்வுகளில் அட்டவணையை ஸ்கிரீன்ஷாட்டாக ஒட்டும் வழக்கம் தொடர்கிறது. படமாகிவிட்ட எண்ணைத் தேடவும் திருத்தவும் மீண்டும் கணக்கிடவும் படிப்பவர் படும் பாட்டை எழுதுவோர் எண்ணிப்பார்ப்பதில்லை. அது தரவுக்கு இழைக்கும் அநீதி. ஆவணக் கருவிகளை உருவாக்குவோரும் ஆங்கிலச் சொற்களோடு சோதனையை நிறுத்திவிடாமல், மயிலாப்பூரையும் அடையாற்றையும் ஒருமுறை உள்ளிட்டுப் பார்த்தபின் வெளியிடுதல் வேண்டும்.