கமராவும் காடும்: மா. கிருஷ்ணன் போன வழி

மாசி மாதக் குளிரில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜாரி மெட்ரோவில் ஏறி, பெரியில் மாறி, வியோ நிலையத்தில் இறங்கும் வில்லரேப் பெற்றோர் பலர். 1976ஆம் ஆண்டு ஒலிம்பிக் சைக்கிளோட்டத்துக்கென எழுப்பிய அரங்கம், 1992ஆம் ஆண்டு முதல் பயோடோம் என்னும் உயிர்க்காட்சிக்கூடமாக இருந்து வருகிறது. வெளியே பனி கொட்ட, உள்ளே வெப்பமண்டலக் காடு. கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நிற்கும் பெரியவர்களுக்கு அந்தப் புழுக்கமே ஊர் ஞாபகத்தைக் கொடுத்துவிடும். ஆனால் அது அமெரிக்கக் கண்டத்துக் காடு. அங்கே கபிபாராவைப் பெயர் சொல்லிக் காட்டும் பிள்ளைக்கு மரையையோ தேவாங்கையோ அடையாளம் தெரியாது.

இந்தக் குறையைத் தீர்க்க எண்ணித்தானோ என்னவோ, கோடை விடுமுறையில் இலங்கை செல்லும் குடும்பங்களிற் சில இப்போது கமராவுடன் யாலவுக்கும் வில்பத்துக்கும் போய் வருகின்றன. இரண்டும் 1938இல் தேசிய வனங்களாக்கப்பட்டவை. போர்க்காலத்தில் நெடுநாள் பூட்டிக் கிடந்த வில்பத்து 2010இல் மீண்டும் திறக்கப்பட்டது. இலங்கைக் காட்டில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. சிறுத்தைதான் அங்கே ராசா. எனவே எல்லோரும் சிறுத்தையையே தேடிப் போகிறார்கள். யாலவில் பாதையோரம் ஒரு சிறுத்தை படுத்திருக்கிறது என்ற செய்தி கைத்தொலைபேசியில் பரவினாற் போதும், ஜீப்புகள் நாற்புறமிருந்தும் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடி வந்து முண்டியடிக்கும். சிறுத்தை எழுந்து பற்றைக்குள் போய்விடும். மொன்றியலுக்கு வந்து சேரும் படத்தில் முன்னால் நின்ற ஜீப்பின் முதுகு மட்டும் தெளிவாக இருக்கும்!

காட்டு விலங்கைப் படம் பிடிப்பது இப்படித்தானா என்று கேட்பவர்கள், மா. கிருஷ்ணன் என்ற தமிழரை அறிந்துகொள்ள வேண்டும்.

இவர் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் திகதி பிறந்தவர். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. மாதவையா 1925இல், சென்னைப் பல்கலைக்கழக செனட் சபையில் தமிழுக்காக வாதாடிப் பேசி அமர்ந்த சற்று நேரத்தில் உயிர் நீத்தவர். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. மாநிலக் கல்லூரியில் தாவரவியல் கற்று, பின் சட்டமும் படித்த இவர், சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியராகவும் நீதிபதியாகவும் மன்னரின் செயலாளராகவும் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த பின், வேறு உத்தியோகத்தை நாடாமல் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் கமராவையுமே நம்பி வாழ்ந்தார். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950இல் ஆரம்பித்த இயற்கைப் பத்தியை 1996இல் மறையும் வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் விடாது எழுதினார். மாதச் சம்பளம் இல்லாத ஒரு குடும்பத்தலைவன் எடுத்த துணிவு இது என்பதை நம்மவர் எளிதில் விளங்கிக்கொள்வர்.

அவருடைய கமராவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெவ்வேறு கமராக்களின் உறுப்புகளைத் தாமே பொருத்தி ஒன்று செய்து வைத்திருந்தார். அதன் பாரத்தை நினைத்து, சூப்பர் பாண்டெரோசா என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். கழுவி அச்சிடுவதும் வீட்டு இருட்டறையில் தம் கையாலேயே.

முதுமலை, பந்திப்பூர், பெரியாறு, கன்ஹா என்று தீபகற்ப இந்தியாவின் காடுகளில் அவர் அலைந்தார். பல வேளைகளில் பழக்கிய யானையின் முதுகில் அமர்ந்து சென்றார். இதற்குக் காரணம் உண்டு. மனித வாடை பட்டதும் மிரண்டோடும் காட்டெருதும் மானும், யானை நெருங்கினால் அவ்வளவாக அஞ்சுவதில்லை. ஆனால் யானை ஓயாது அசையும் உயிர். காதை ஆட்டும், காலை மாற்றும், மூச்சு விட்டாலே மேலே இருப்பவர் ஆடுவார். அந்த ஆட்டத்தில், விடிகாலை மங்கலில், கனத்த கமராவைக் கையிற் பிடித்துப் படம் எடுக்க வேண்டும். எடுத்த படம் சரியா பிழையா என்பது வீடு திரும்பிச் சுருளைக் கழுவும்போதுதான் தெரியும். இன்று கைத்தொலைபேசியில் ஒரு நிமிடத்தில் நூறு படம் எடுத்துத் தொண்ணூறை அழிப்பவர்களுக்கு இந்தப் பொறுமை புரிவது கடினம்.

1968இல் நேரு நினைவு ஆய்வுநிதி கிடைத்தபின், பெரிய பாலூட்டிகள் எங்கெங்கே எந்நிலையில் உள்ளன என்று நேரிற் கண்டு பதிவு செய்தார். 1959 முதல் 1970 வரையான நிலையைக் கூறும் அந்த நூலை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் வெளியிட்டது. அவசரத்துக்குக் காரணம் இருந்தது. இந்தியாவில் வேங்கைச் சிறுத்தை அற்றுப்போனதாக 1952இலேயே அறிவித்தாயிற்று. அணைகளும் தோட்டங்களும் காட்டைத் தின்றுகொண்டிருந்தன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல். புலித் திட்டம் 1973இல். சட்டம் வருமுன்னரே இருந்ததையும் குறைந்ததையும் ஒருவர் கண்ணாரக் கண்டு எழுதிப் படமும் பிடித்து வைத்திருக்கிறார் என்பது சிறிய காரியமல்ல. 1970இல் இவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இன்னொன்று. யானைக்கும் புலிக்கும் கொடுத்த கவனத்தை அணிலுக்கும் காகத்துக்கும் ஓணானுக்கும் கொடுத்தவர் கிருஷ்ணன். அவரது தமிழ்க் கட்டுரைகளை தியடோர் பாஸ்கரன் தொகுத்து, மழைக்காலமும் குயிலோசையும் என்ற பெயரில் நூலாக்கியுள்ளார். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட ஏற்ற நூல்.

ஊர் செல்வோருக்குச் சில செய்திகள். கனடாப் பள்ளி விடுமுறையான ஆடி, ஆவணி மாதங்கள் இலங்கையின் வடகிழக்கில் வறட்சிக் காலம். நீர் வற்ற வற்ற விலங்குகள் மிஞ்சிய குளங்களைத் தேடி வரும். மகாசேன மன்னன் கட்டுவித்த மின்னேரியாக் குளத்தின் கரையில் அப்போது யானைகள் நூற்றுக்கணக்கில் கூடுகின்றன. யால வனத்தின் முக்கிய பகுதி செப்டெம்பரில் வழக்கமாகச் சில கிழமைகள் மூடப்படும். கதிர்காமத் திருவிழாவையொட்டி உகந்தையிலிருந்து குமண, யால ஊடாகப் பாதயாத்திரை போகும் அடியார்கள், அதே காட்டை இயந்திரச் சத்தமின்றிக் கால்நடையாகக் கடக்கிறார்கள். ஜீப்புக்காரனிடம், சிறுத்தை வேண்டாம், ஒரு குளத்தடியில் இரண்டு மணித்தியாலம் எஞ்சினை நிறுத்திவிட்டு இருப்போம் என்று சொல்லிப் பார்க்கலாம். முதலில் சிரிப்பான், பிறகு மயில், முதலை, மரை எல்லாவற்றையும் அவனே காட்டித் தருவான்.

மார்கழி விடுமுறையில் தமிழகம் போகிறவர்களுக்குப் பறவைகள். சென்னையிலிருந்து வேடந்தாங்கல் ஒரு நாட்பயணம். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுகுடிப்பட்டியில், கூடு கட்டும் பறவைகள் கலைந்துவிடக் கூடாதென்று ஊரார் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கே பட்டாசு கொளுத்துவதில்லை. அங்கே போகிறவர்கள் கமராவின் ஃபிளாஷை நிறுத்திவிட்டே போக வேண்டும்.